தனியே மலைக்குப் போகிறவருக்குத் தடை வேண்டாம், கயிறு வேண்டும்

தூத்துக்குடிக்காரர் ஒருவர், "ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன், ஒத்தையில காரை எடுத்துக்கிட்டு மலைப்பக்கம் போயிட்டு வாரேன்" என்று சொன்னால் என்ன பதில் வரும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். "ஒத்தையில எதுக்கு அண்ணாச்சி போறிய, நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் போகலாம்லா?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "யானை நிக்கும், காடு தீப்பிடிக்கும், விழுந்து கெடந்தா கேக்க ஒரு நாதி இருக்காது" என்பார் அம்மா. "அப்படி என்ன நேர்ச்சை ஒனக்கு?" என்பார் மாமா. போகிறவர் பெண்ணாக இருந்தால் இத்தனை கேள்விகள்கூட எழாது. பேச்சு தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடும்.

இந்தப் பதில்களையெல்லாம் சேர்த்தால் ஒரு முழுக் கருத்து கிடைக்கிறது. மலையில் தனியாக இருப்பதுதான் ஆபத்து. கூட்டமாகப் போனால் பாதுகாப்பு. வேலையோ வேண்டுதலோ இல்லாமல் தனியாகப் போகிறவர் பொறுப்பற்றவர். தன்னைத் தேடும் சுமையை ஊரார் தலையில் ஏற்றுகிறவர். 2018இல் குரங்கணிக் காட்டுத்தீயில் நேர்ந்த துயரத்துக்குப் பிறகு இந்தக் கருத்து இன்னும் இறுகிவிட்டது. இது அக்கறையிலிருந்து பிறக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் தவறான கருத்து. உயிரைக் காக்க எதைப் பார்க்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு ஆள் கணக்கைப் பார்க்கச் சொல்வதால், இது ஆபத்தான கருத்தும்கூட. அதனால்தான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

எதற்காக வாதிடுகிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். பகலில் நடை, இருட்டுமுன் வண்டிக்குத் திரும்புதல், இரவில் காரிலோ அதன் பக்கத்தில் கூடாரத்திலோ உறக்கம், மறுநாள் வேறொரு பாதை. இப்படி ஒரு வாரம். காப்பகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைவதற்கு நான் வாதிடவில்லை. நமக்கு மிக அருகிலுள்ள பெருங்காடு களக்காடு முண்டந்துறை. 895 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது 1988 முதல் புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குள் அனுமதியின்றிப் போவதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். காட்டுப் பாதையில் வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும்தான் நடக்க வேண்டும். வண்டியை இரவில் மலையூர்களிலும் தோட்டங்களிலும் விடுதி வளாகங்களிலும் உரியவரைக் கேட்டு நிறுத்த வேண்டும். இந்த வரம்புக்குள் ஒருவர் தனியாக ஒரு வாரம் இருந்துவிட்டு வருவது நியாயமானது, மதிக்கத்தக்கது என்பதே என் வாதம்.

கூட்டம் காக்கும் என்ற நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கியவர்களில் தனியாகப் போனவர் எவருமில்லை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் குழுக்களாக வந்தவர்கள் அவர்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் அந்தச் சரிவில் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளையவர்கள், விடுமுறை நாளை மலையில் கழிக்க ஆசைப்பட்டவர்கள்; அவர்கள் மேல் எந்தப் பழியும் இல்லை. நான் கேட்பது நம்மைப் பார்த்துத்தான். அந்தத் துயரத்திலிருந்து "தனியாகப் போகாதே" என்ற பாடத்தை நாம் எப்படி எடுத்தோம்? அங்கே உயிர்களைப் பறித்தது மார்ச் மாத வறட்சி, காய்ந்த புல், காற்று. சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும் வேகத்தை ஓடுகிற மனிதக் கால்களால் வெல்ல முடியாது. பக்கத்தில் எத்தனை பேர் ஓடினாலும் அந்த வேகம் குறையாது. எடுக்க வேண்டிய பாடம் "தீக்காலத்தில் புல்மலையில் ஏறாதே" என்பது. நாம் காலத்தைக் கவனிக்காமல் எண்ணிக்கையைக் கவனித்தோம்.

குரங்கணி மட்டுமா? 2015 மே மாதத்தில் சதுரகிரி ஓடையில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். அமாவாசைக் கூட்டம் ஆயிரக்கணக்கில் நடக்கும் மலை அது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வெள்ளம் இறங்கியபோது அருவியடியில் நெருக்கியடித்துக் கூட்டம் நின்றது. பதினேழு வயதுப் பையன் ஒருவனை ஆறு கொண்டுபோனது. கோவை வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் ஏறும் பருவத்தில் மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் பக்தர்கள் இறக்கும் செய்தி மறுபடி மறுபடி வருகிறது. முன்னும் பின்னும் ஆள் நடக்கும் பாதை அது. தனிமையால் நேர்ந்த சாவு இவற்றில் ஒன்றுமில்லை. மேலே பெய்த மழையைக் கீழே நிற்பவர் அறியாதது, நெஞ்சு வலிக்கும்போதும் கூட்டத்தோடு ஏறியது, நேரம் பார்க்காதது: காரணங்கள் இவை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2025 பிப்ரவரியில் வால்பாறை மலைச்சாலையில் பைக்கில் தனியாக வந்த ஜெர்மானியப் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்தார். தனியாக வந்ததால்தானே என்று கேட்கலாம். அப்போது சாலையில் வேறு வண்டிகள் நின்றிருந்தன. யானையைக் கண்டு ஒதுங்கி நின்றவர்கள் எச்சரித்தும் இருக்கிறார்கள். எச்சரிக்கையைத் தாண்டி வண்டி போனதுதான் அந்தச் சாவுக்குக் காரணம். பைக்கின் பின்னிருக்கையில் இன்னொருவர் இருந்திருந்தால் இரண்டு உயிர் போயிருக்கும். அதே போல, 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனில் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு அவர்களைக் கொன்றது. மணமில்லாத, நிறமில்லாத அந்த வாயுவுக்கு ஒருவர், இருவர் என்ற வேறுபாடு தெரியாது. காரில் தூங்கப் போகிற ஒவ்வொருவரிடமும் நாம் சொல்ல வேண்டியது, "எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்காதே, கண்ணாடியைச் சற்று இறக்கி வை" என்பது. இந்த ஒரு வாக்கியம் ஓர் உயிரைக் காக்கும். "துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போ" என்ற வாக்கியம் அங்கே ஒன்றும் செய்யாது.

கூட்டத்தில் இன்னொரு கேடும் இருக்கிறது. நான்கு நண்பர்கள் மலையேறும்போது யார் தலைவர் என்பது எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. மேகம் இறங்குவதை ஒருவர் பார்க்கிறார். மற்றவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று பேசாமல் இருக்கிறார். ஒருவருக்கு முழங்கால் வலிக்கிறது. மற்றவர் உற்சாகத்தைக் கெடுக்க மனமில்லாமல் நடக்கிறார். தண்ணீர் இன்னொருவர் பையில் இருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார். திரும்பிவிடலாம் என்ற சொல்லை முதலில் சொல்கிறவர் பயந்தாங்கொள்ளி ஆகிவிடுவாரோ என்ற கூச்சத்தில் யாரும் சொல்வதில்லை. தனியாக நடப்பவருக்கு இந்தச் சாக்குகள் இல்லை. தண்ணீர் இருக்கிறதா என்று அவரே பார்க்க வேண்டும். மணி மூன்றாகிவிட்டால் உச்சி எவ்வளவு அருகில் தெரிந்தாலும் திரும்ப அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வழிகாட்டியோடு போனால் அது எப்படித் தனி என்று கேட்பார்கள். என் அனுபவத்தில், வழிகாட்டியின் முழுப் பயனும் தனியாகப் போகிறவருக்கே கிடைக்கிறது. பொதிகை மலையடிவாரத்தில் காரையாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழிப் பகுதிகளில் வாழும் காணிக்காரர்கள் அந்தக் காட்டைப் பிறந்தது முதல் அறிந்தவர்கள். வழிகாட்டியாக வரும் காணிக்காரர் நின்றால் நிற்க வேண்டும். கையைக் காட்டினால் பேச்சை நிறுத்த வேண்டும். தேனி மாவட்டத்து ஊர்களுக்குள் புகுந்த அரிக்கொம்பன் யானையைப் பிடித்து 2023 ஜூனில் இந்த மலைத்தொடரின் கோதையாற்றுப் பக்கம்தான் கொண்டுவந்து விட்டார்கள். யானையின் வீடு அது. அங்கே பத்துப் பேர் பேசிக்கொண்டும் செல்ஃபி எடுத்துக்கொண்டும் நடக்கையில் முன்னே போகிறவர் காட்டும் சைகை பின்னே வருபவருக்கு எட்டாது. ஒருவர் மட்டும் பின்னால் நடந்தால் அந்தச் சைகை வீணாவதில்லை. கொடைக்கானல் மலையில் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பாதையில் எனக்கு இது நன்றாக விளங்கியது. நெடுங்காலம் சாலை இல்லாமலே வாழ்ந்த ஊர் வெள்ளகவி. ஊருக்குள் செருப்புப் போடும் வழக்கமில்லை. கூடவே நடந்த உள்ளூர்க்காரர் எந்தச் செடியைத் தொடக்கூடாது, எந்தத் திருப்பத்தில் காட்டெருமை நிற்கும், எந்த ஓடையில் எந்த மாதத்துக்குப் பிறகு தண்ணீர் இருக்காது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். நண்பர்கள் புடைசூழப் போயிருந்தால் அவரிடம் நான் பேசியிருக்கவே மாட்டேன்.

அடுத்த எதிர்ப்பு இன்னும் கனமானது. தனியாகப் போனவர் விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? யார் தேடுவது? இதற்குப் பதில் இந்தக் கடற்கரையிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பார்களில் முத்துக் குளித்தவர்கள் ஒவ்வொருவரும் கீழே தனியாகத்தான் இருந்தார்கள். கல்லின் மேல் காலை வைத்து, மூச்சடக்கி, பல பாகம் ஆழத்துக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பிகளைச் சேர்க்கும் அந்த நேரத்தில் பேச்சுத் துணை கிடையாது. ஆனால் மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழேயிருந்து இழுப்பு வந்த கணத்தில் தூக்க வேண்டியது அவர் பொறுப்பு. பெரிய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. இன்று சங்கு குளிக்கப் போகிறவர் கம்ப்ரசர் குழாயோடு இறங்குகிறார். மேலே அந்தக் குழாயைக் கவனிக்க ஆள் இருக்கிறார். குளிப்பவருக்குத் துணையாக இன்னும் பத்துப் பேரைக் கடலில் இறக்க யாரும் நினைக்கவில்லை. அவர் கயிற்றுக்கு ஒரு பொறுப்பான கையைத்தான் தேடினார்கள்.

அந்தக் கரையில் இன்னொருவரும் இருந்தார். சுறா நெருங்காதபடி மந்திரம் சொல்லும் கடற்கட்டி. அவருக்கும் முத்துக்குளிப்பில் பங்கும் மரியாதையும் இருந்தன. அவர் இல்லாமல் இறங்க மறுத்தவர்களும் உண்டு. அவர் தந்தது துணிச்சல். மூச்சு முட்டியபோது ஆளை மேலே கொண்டுவந்தது கயிறு. மலைக்குப் போகிறவருக்குக் கூட்டம் தருவதும் துணிச்சலைத்தான். அவருக்குத் தேவையான கயிறு வேறு. வீட்டிலோ ஊரிலோ நம்பிக்கையான ஒருவர் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். வண்டி எண், எந்த நாளில் எந்தப் பாதை, வழிகாட்டி யார், இரவு வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்குள் ஃபோன் வரும், வராவிட்டால் எந்த வனச்சரக அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது என்பது உண்மை. அதனால்தான் நேரக்கெடு வேண்டும். மாலை ஆறு என்று சொன்னவர் எட்டு மணிவரை பேசாவிட்டால் தாளை வைத்திருப்பவர் 112ஐ அழைக்கிறார். தேடுவோருக்குப் பாதையின் பெயர் கையில் இருக்கிறது. யாரிடமும் பாதையைச் சொல்லாமல் கிளம்பும் பத்துப் பேரைவிட, இப்படித் தாள் கொடுத்துப் போகிற ஒருவரைக் கண்டுபிடிப்பது எளிது. தேடுவோர் மேல் சுமை ஏற்றுகிறவர் யார் என்பதை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய எதிர்ப்பின் அடியில் இருப்பது ஆபத்து பற்றிய கவலை அன்று என்றே நான் கருதுகிறேன். நம் ஊர் தனிமைக்கு அஞ்சிய ஊரா? தூத்துக்குடி உப்பளத்து உப்பை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறும் லாரி டிரைவர்களைப் பாருங்கள். பல இரவுகள் கேபினில்தான் தூங்குகிறார்கள். சாலையோரத்தில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்குகிறார்கள். கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாய் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். மலையில் வண்டியை நிறுத்தி வண்டியிலேயே உறங்கும் வாழ்க்கை அவர்களுக்குத் தினமும் உள்ளது. விடியுமுன் சிறு வள்ளத்தில் ஒற்றை ஆளாகக் கடலுக்குப் போகிறவரை நாம் பைத்தியம் என்று சொல்லவில்லை. கரை தெரியாத கடலில் தோணியோடு மாலத்தீவுக்குப் போய்வந்தவர்களைப் பெருமையோடு பேசுகிறோம். பிழைப்புக்காக என்றால் தனிமையை நம் சமூகம் வீரம் என்கிறது.

வேண்டுதலுக்காக என்றாலும் மலையில் தங்குவதை ஏற்றுக்கொள்கிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குத் தூத்துக்குடி, நெல்லை, தென்காசிப் பக்கத்துக் குடும்பங்கள் கைக்குழந்தையோடும் பாத்திரப் பண்டத்தோடும் போய்க் குடில் போட்டுத் தங்குவது தலைமுறை வழக்கம். அந்தக் கோயில் இருப்பது புலிகள் காப்பகத்துக்குள். அந்த மக்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அவர்கள் போகும் உரிமைக்கு நானும் துணை நிற்பேன். ஆனால் பல்லாயிரம் பேர் ஆற்றங்கரையில் தங்கி எழுந்த பின் அங்கே கிடக்கும் பிளாஸ்டிக்கையும் துணியையும் வனத்துறையும் தன்னார்வலர்களும் பொறுக்கியெடுக்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. தன் குப்பையைத் தன் டிக்கியிலேயே போட்டு ஊருக்குக் கொண்டுவரும் ஒற்றை ஆளைப் பார்த்து, "உன்னால் காடு கெடும்" என்று சொல்வது எந்த விதத்தில் நியாயம்? காட்டில் தீ மூட்டக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, ஓடையில் சோப்பு கலக்கக் கூடாது. ஒற்றை ஆளானாலும் இவற்றை மீறினால் அவரைத் தண்டியுங்கள். மீறாதவரைத் தனியாக வந்ததற்காகக் குற்றம் சொல்லாதீர்கள்.

ஆக, ஒருவர் சம்பாதிக்கவும் போகவில்லை, புண்ணியம் தேடவும் போகவில்லை, தனக்காக மட்டும் போகிறார் என்பதுதான் உறுத்துகிறது. குடும்பத்துக்கு உழைக்கிற மனிதருக்குத் தன்னோடு இருக்க ஒரு வாரம் தேவைப்படும் என்பதை நாம் ஏற்க மறுக்கிறோம். துறைமுகத்தில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்க்கிறவர், அனல்மின் நிலையத்தில் இரவுப்பணி செய்கிறவர், நாள் முழுக்கக் கடையில் நின்று நூறு பேருக்குப் பதில் சொல்கிறவர், வீட்டில் ஒரு மணி நேரம்கூடத் தனக்கென்று வாய்க்காத பெண் ஆகியோருக்கு யாரும் எதுவும் கேட்காத ஓர் இடத்தில் நடப்பது ஆடம்பரமன்று. நான்கு நண்பர்களோடு போகும் சுற்றுலாவில் மகிழ்ச்சி உண்டு; ஓய்வு குறைவு. எங்கே சாப்பிடுவது, எப்போது கிளம்புவது என்ற பேச்சுவார்த்தை அங்கும் தொடர்கிறது. தனியாகப் போய் வருகிறவர் வீட்டை வெறுத்துப் போகவில்லை. வீட்டாரிடம் பொறுமையோடு பேசக்கூடியவராகத் திரும்பி வருவதற்காகவே போகிறார்.

பெண்கள் விஷயத்தில் இந்தத் தடை இரட்டிப்பாகிறது. அகத்தியர்கூடம் என்று கேரளத்தார் அழைக்கும் 1868 மீட்டர் உயர அகத்தியமலை உச்சிக்குப் பெண்கள் போகக்கூடாது என்று நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் வழிதிறந்த பிறகு 2019 ஜனவரியில் தன்யா சனல் அங்கே ஏறினார். அவர் ஏறியதால் மலைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தனியாக வரும் பெண்ணுக்கு ஆபத்து உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆபத்து மலையிலிருந்து வருவதில்லை. சாலையிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் ஆண்களிடமிருந்து வருகிறது. அதற்குத் தீர்வு பாதுகாப்பான, வெளிச்சமுள்ள, பெண்கள் நடத்தும் தங்குமிடங்கள். குற்றம் செய்யக்கூடியவரைக் கட்டுப்படுத்தாமல், குற்றத்துக்கு ஆளாகக்கூடியவரை வீட்டில் பூட்டுவது நீதியாகாது.

"எல்லாம் சரி, கடற்கரைக்காரருக்கு மலையில் என்ன வேலை?" என்று கடைசியாகக் கேட்பார்கள். நாம் குடிக்கும் தண்ணீர் அங்கிருந்து வருகிறது என்பதே போதுமான பதில். பொதிகையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது தாமிரபரணி. பிற ஆறுகள் சிலவற்றைப் போல மாநில எல்லைகளைத் தாண்டி அது வரவில்லை. நெல்லையிலும் தூத்துக்குடியிலுமே அதன் முழு வாழ்க்கையும் முடிகிறது. வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் நீர், ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்கென்று எடுத்த நீர், கடைமடை வாழைக்குப் பாயும் நீர் எல்லாம் அந்தச் சோலைக்காடுகள் பிடித்து வைத்துக் கொடுத்தவை. இந்த நீருக்காக நாம் வழக்காடுகிறோம், போராடுகிறோம். அது பிறக்கும் மலையைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்பதை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. மலையிலும் பேய்மழை, அணைகள் நிரம்பி ஆறு கரை தாண்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. அந்த நாட்களில் மலைமேல் உள்ள நாலுமுக்கும் ஊத்தும் எங்கே இருக்கின்றன, அங்கே மழை பெய்தால் எத்தனை மணி நேரத்தில் நம் ஊர்க் கரைக்குத் தண்ணீர் வரும் என்று தெரிந்திருந்த மனிதர்களின் பேச்சு ஒவ்வொரு தெருவுக்கும் தேவைப்பட்டது. மலையை நடந்து பார்த்தவருக்கு ஆறு என்பது வரைபடத்துக் கோடாக இருக்காது. எந்த ஓடை எதில் சேர்கிறது, எந்தச் சரிவில் காடு அழிந்திருக்கிறது என்பது அவருக்குக் கால் வழியாகத் தெரியும். ராபர்ட் கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு நீலகிரியையும் பார்த்துக்கொண்டு நடந்தே வந்தார். மக்களையும் அவர்கள் பேச்சையும் அறிய நடைதான் வழி என்று அவர் நம்பினார். பின்னாளில் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதியவரும், முத்துக்குப் பேர்பெற்ற கொற்கையில் தோண்டிப் பார்த்தவரும் அவரே. ஊரை அறிய நினைப்பவர் வண்டியை விட்டு இறங்க வேண்டும் என்பது இந்தச் சீமையில் பழைய பாடம்.

இந்தப் பாடத்துக்கு இன்று வழி செய்வது முடியாத காரியம் இல்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள், தீக்காலத்தில் மூடிவைக்கும் ஒழுங்கு என்று குரங்கணியின் சரியான பாடத்தை அந்த ஏற்பாடு எடுத்துக்கொண்டிருக்கிறது. இதை வரவேற்கிறேன், இன்னும் சில படிகள் போக வேண்டும் என்று கேட்கிறேன். தனியாக வருகிறவரைச் சந்தேகத்தோடு பார்க்காமல், ஒற்றை ஆளுக்கும் ஒரு வழிகாட்டி என்ற முறை எல்லாப் பாதைகளிலும் உறுதியாக வேண்டும். அதற்கான கட்டணத்தை அவர் கொடுப்பார், காணிக்காரர் வீட்டுக்கு அது வருமானம். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் உள்ளே போன நேரம் எழுதப்படுவது போல வெளியே வந்த நேரமும் எழுதப்பட வேண்டும். மாலையில் கணக்கு உதைத்தால் அன்றிரவே தேட வேண்டும். பாபநாசம், மணிமுத்தாறு, திருக்குறுங்குடி, புளியரை, செண்பகத்தோப்பு போன்ற மலையடி ஊர்களில், காட்டுக்கு வெளியே, கார் நிறுத்தி இரவு தங்கக் கழிப்பறையும் தண்ணீரும் காவலும் உள்ள இடங்கள் வேண்டும். உள்ளூர் மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தலாம். இடம் இல்லாததால்தான் ஆட்கள் தகாத இடத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள்.

அரசு செய்ய வேண்டியது அது. வீட்டார் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. மகனோ மகளோ தம்பியோ மனைவியோ மலைக்குத் தனியாகப் போகிறேன் என்று சொன்னால் "போகாதே" என்று முடித்துவிடாதீர்கள். அப்படி முடித்தால் அடுத்த முறை அவர் சொல்லாமல் போவார். உண்மையான ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. உட்காரவைத்துக் கேளுங்கள். எந்தப் பாதை? யார் வழிகாட்டி? எத்தனை மணிக்குத் திரும்புவாய்? ஃபோன் வராவிட்டால் நான் யாரைக் கூப்பிட வேண்டும்? பதில் சொல்லத் தெரியாதவரைத் தடுக்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. பதில்களைத் தாளில் எழுதி உங்கள் கையில் கொடுக்கிறவரைச் சந்தோஷமாக வழியனுப்புங்கள். அவர் சொன்ன நேரத்துக்கு ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விழித்திருங்கள்.